பி.எட். பயிற்சியில் நான் வகுப்பெடுப்பதைப் பின்னால் உட்கார்ந்து பார்க்க ஆளே இல்லை. எல்லா இடத்திலும் இப்படித்தானா?

புதுச்சாக்பீஸ் (பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம்)
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். இங்கே வந்து படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

16 வாரப் பயிற்சியில் இது ஐந்தாவது வாரம். அரசு உயர்நிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு கணக்கு. சேர்ந்த மூன்றாம் நாளே வழிகாட்டி ஆசிரியை "நீ பாத்துக்கோம்மா" என்று சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. எமிஸ் (மாணவர் விவரம், வருகையெல்லாம் ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்பு என்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அன்றிலிருந்து அந்த வகுப்பு என்னுடையது. யார் லீவு போட்டாலும் அந்தப் பீரியடும் என்னுடையது. நேற்று எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல்கூட எடுத்தேன். அதையும் எப்படியோ சமாளித்தாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். தசமம் தொடங்கும் முன் பின்னத்தை ஒருமுறை ஞாபகப்படுத்தலாம் என்று போன வாரம் 1/2 + 1/3 எழுதினேன். பாதி வகுப்பு 2/5 என்றது. மேலேயும் கீழேயும் கூட்டிவிட்டார்கள். "அப்படிக் கூட்டக் கூடாது, எல்.சி.எம். எடுக்கணும்" என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எங்க டீம் மொதல்ல ரெண்டு மேட்ச் ஆடி ஒண்ணு ஜெயிச்சுது. அப்புறம் மூணு ஆடி ஒண்ணு ஜெயிச்சுது. மொத்தம் அஞ்சுல ரெண்டு. அப்ப ரெண்டு பை அஞ்சுதானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. எம்.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். "அது வேற, இது வேற, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்தார்கள். சரியாகப் பதினைந்து நிமிடம். பாடக்குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனது இதுதான்: "குரல் நன்று. சார்ட்டில் எழுத்து சிறியது. முடித்தல் திறனில் கவனம் தேவை."

இரண்டு கேள்வி. அந்தப் பையனுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதையெல்லாம் நான் யாரிடம் போய்க் கேட்பது?

---

கடைசிபெஞ்ச்
செவ்வாய், இரவு 10.05

எழுத்து சிறியது என்றாவது எழுதினார்களே. எனக்கு 40 நாளும் "நன்று", "நன்று", "மிக நன்று" மட்டும்தான். ஒரு நாள் நான் பள்ளிக்கே போகவில்லை, அன்றைக்கும் "நன்று".

பிள்ளைகள் உங்களை "பி.எட். டீச்சர்" என்று கூப்பிடுகிறார்களா? எங்களுக்கு அதுதான் பெயர். முதல் நாளே "எத்தன நாள் இருப்பீங்க?" என்று கேட்டு நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கல்லூரி கொடுத்த ஒரே நிறப் புடவையில் நான்கு பேர் வரிசையாகப் போனால் பின்னே எப்படிக் கூப்பிடுவார்கள்!

---

ஓய்வுக்கணக்கு (கணித ஆசிரியர், ஓய்வு)
செவ்வாய், இரவு 11.20

அம்மா, முதலில் அந்தப் பையனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். 34 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் வந்தது இரண்டே தடவை. முதல் தடவை நானும் உட்காரத்தான் சொன்னேன்.

அவன் கணக்கு தப்பில்லை. ஐந்துக்கு இரண்டு என்பது சரியான விடைதான், ஆனால் வேறொரு கேள்விக்கு. மேட்ச்சில் முதல் "முழுசு" 2 ஆட்டம், இரண்டாவது முழுசு 3 ஆட்டம், கடைசியில் வருகிற முழுசு 5 ஆட்டம். ஒவ்வொரு தடவையும் முழுசு மாறிக்கொண்டே போகிறது. நாம் போர்டில் 1/2 + 1/3 என்று எழுதும்போது இரண்டுக்கும் முழுசு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். ஒரே தோசையில் பாதி, அதே அளவு தோசையில் மூன்றில் ஒன்று. இந்த நினைப்பை நாம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் செய்ததை நாமே தினமும் செய்கிறோம். முதல் தேர்வில் 25க்கு 18, அடுத்ததில் 50க்கு 40. மதிப்பெண் பட்டியலில் 75க்கு 58 என்று எழுதுகிறோமா இல்லையா? மேலே மேலே, கீழே கீழே. வகுப்பு முழுக்க நம் கையெழுத்தில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கிறான்.

இப்போது எப்படிச் சொல்வது? எல்.சி.எம். பக்கம் போகாதீர்கள். பால் கடைக்குப் போங்கள். அரை லிட்டரும் கால் லிட்டரும் எவ்வளவு? எவனும் யோசிக்கவே மாட்டான், முக்கால் என்பான். சரி, உன் முறையில் கூட்டு. 1/2 + 1/4 = 2/6. அதாவது மூன்றில் ஒன்று. அரை லிட்டரோடு இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அரையை விடக் குறைந்துபோகுமா? அங்கே நிறுத்திவிடுங்கள். நீங்கள் பேசாதீர்கள். அவர்களே பேசுவார்கள்.

பேசி முடித்த பிறகு மேட்ச்சுக்கு வாருங்கள். 2/5 எங்கே விழுகிறது? 1/2க்கும் 1/3க்கும் நடுவில். கூட்டினால் இரண்டையும் விடப் பெரிதாக வர வேண்டும். நடுவில் விழுந்தால் அது கூட்டல் அல்ல, சராசரி வகையைச் சேர்ந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சராசரியின் வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறான். இதைவிடப் பெரிய பரிசு ஆசிரியருக்குக் கிடைக்காது.

எங்கள் தாத்தா காலத்து எண்சுவடியில் அரைக்கால், மாகாணி, முந்திரி என்று 320ல் ஒன்று வரை வாய்ப்பாடு இருந்தது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை, அடி வாங்கித்தான் அதைப் படித்தார்கள். ஆனால் அரையும் காலும் முக்கால் என்பது இன்னும் பிள்ளைகள் நாக்கில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுப்பில்லாமல் சமைக்கிறோம்.

---

தேர்வர்2012
புதன், காலை 7.15

நல்ல பதில் ஐயா. ஆனால் நடைமுறையைப் பேசுவோமே. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் வேலை கிடைக்குமா? 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வைத்தார்கள். 6 லட்சத்துக்கு மேல் எழுதினோம், ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. நான் அடுத்த தடவை தேறினேன். 150 கேள்வி, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு, அவ்வளவுதான். அதில் எங்கேயும் ஒரு பையன் எழுந்து நிற்கவில்லை.

தங்கச்சி, ரெக்கார்டை ஒழுங்காக முடி, செய்முறைத் தேர்வில் மார்க் வாங்கு, மீதி நேரத்தில் டெட்டுக்குப் படி. பாடம் நடத்துவதெல்லாம் வேலைக்குப் போன பிறகு தானாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

---

வழிகாட்டி_7ஆ (அரசுப் பள்ளி ஆசிரியை)
புதன், மதியம் 1.10

தானாக வரும் என்கிறீர்களே, யார் செலவில் வரும் என்று யோசித்தீர்களா? நான் சேர்ந்த முதல் இரண்டு வருடப் பிள்ளைகளை இப்போது எங்கேயாவது பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்களை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இழை தொடங்கிய தங்கச்சி பேசுவது என்னைப் போன்ற ஒருத்தியைப் பற்றித்தான், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் நான்கைந்து பேரை அனுப்புவார்கள். முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார், எங்களை யாரும் கேட்பதில்லை. வழிகாட்டி என்று பெயர் மட்டும் எங்களுக்கு. எப்படி வழிகாட்டுவது என்று ஒரு மணி நேரப் பயிற்சிகூட யாரும் தந்ததில்லை. பாடம் முடிக்கவில்லை என்றால் கேள்வி என்னிடம் வரும், பயிற்சி மாணவியிடம் அல்ல. அவர்கள் போன பிறகு பாதிப் பாடத்தைத் திரும்ப நடத்திய வருடங்கள் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வகுப்பை ஒப்படைத்துவிட்டு நான் வெளியே போவதற்கு வேலைப்பளு பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று எனக்கே தெரியாது. "நல்லா இருந்துச்சும்மா" என்பேன். தப்பு தெரிந்தாலும் சொல்லமாட்டேன், பாவம் சின்னப் பெண் என்று. என்னை யாரும் அப்படி உட்கார்ந்து பார்த்துப் பேசியதில்லை. எனக்குக் கிடைக்காததை நான் எங்கிருந்து கொடுப்பது?

---

பேருந்துப்பேராசிரியர் (பி.எட். கல்லூரி)
புதன், இரவு 8.30

அந்தப் பதினைந்து நிமிட மேற்பார்வையாளர் வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். திட்டுவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்.

என்னிடம் 23 மாணவர்கள், 9 பள்ளிகள். அதில் இரண்டு பள்ளிக்கு ஒரு நாளைக்கு இரண்டே பேருந்து. கட்டணம் என் பையிலிருந்து. 100 மாணவர்களுக்கு 16 ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதி. எங்கள் பதிவேட்டிலும் 16 பெயர் உண்டு. (அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

பி.எட். ஒரு வருடமாக இருந்தபோது "நேரம் போதவில்லை" என்றோம். 2015ல் இரண்டு வருடமாக்கினார்கள். பள்ளிக்குப் போவது 20 வாரமானது, முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. நாள் கூடியது, கூடவே பதிவேடும் கூடியது. உற்றுநோக்கல் பதிவேடு, நுண்ணிலைக் கற்பித்தல் பதிவேடு, சாதனைத் தேர்வு, குறையறி தேர்வு, தனியாள் ஆய்வு, உளவியல் சோதனை என்று ஒரு மூட்டை. செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர் ஒரே நாளில் அத்தனையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். வகுப்பறையை அவரால் பார்க்க முடியாது, அட்டை போட்ட நோட்டைப் பார்க்க முடியும். அதனால் மாணவர்களும் நோட்டைத்தான் தயார் செய்கிறார்கள், நாங்களும் அதைத்தான் தயார் செய்யச் சொல்கிறோம்.

2012ல் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு சொன்னதை 2020 கல்விக் கொள்கை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறது: தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் 10,000க்கு மேல், அவற்றில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன. அதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் "வராமலே பி.எட்." என்று ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகத்துக்கு வந்தது, கோபம் போய்விட்டது.

புதுச்சாக்பீஸ், உங்கள் சார்ட் எழுத்தைப் பற்றி எழுதியவருக்குச் சார்ட் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். வாசலில் நின்று பார்த்தால் அதுதான் தெரியும்.

---

கடைசிபெஞ்ச்
புதன், இரவு 8.52

நுண்ணிலைக் கற்பித்தல் என்றதும் சிரிப்பு வருகிறது. ஐந்து நிமிடம், எதிரே மாணவர்களாக நடிக்கும் நம் வகுப்புத் தோழிகள். தொடங்குதல் திறன், விளக்குதல் திறன், வினா கேட்டல் திறன், வலுவூட்டல் திறன்... ஒவ்வொன்றாகத் துண்டு போட்டு நடத்தி, பிறகு இணைத்து நடத்துவோம். "முக்கோணத்துக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்டால் எம்.எஸ்சி. படித்த தோழி கை தூக்கி "மூன்று மிஸ்" என்பாள். நான் "வெரிகுட்" என்பேன். வலுவூட்டல் திறன் முடிந்தது!

---

பேருந்துப்பேராசிரியர்
புதன், இரவு 9.15

சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் தொடங்கியபோது அப்படி இல்லை. 1960களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார்கள். எதிரே உட்கார்ந்தது உண்மையான பள்ளிப் பிள்ளைகள். பாடத்தைப் படமெடுத்துப் போட்டுக் காட்டி, பேசி, அதே பாடத்தைத் திருத்தி வேறு பிள்ளைகளுக்கு நடத்தச் சொன்னார்கள். நாம் பிள்ளைகளை விட்டோம், படத்தை விட்டோம், பேச்சை விட்டோம். திறன்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். தோழி 2/5 என்று ஒருநாளும் சொல்லமாட்டாள், அதுதான் சிக்கல்.

---

நல்லூரான் (யாழ்ப்பாணம்)
வியாழன், காலை 6.50

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுறன். இங்க தேசிய கல்வியியற் கல்லூரியில இரண்டு வருசம் விடுதியில தங்கிப் படிப்பு. மூன்றாவது வருசம் முழுக்க ஒரு பாடசாலையில கட்டுறு பயிலுநர், அதாவது பயிற்சி ஆசிரியர். அந்த ஒரு வருசம் எனக்குத் தந்ததை இரண்டு வருசப் படிப்புத் தரேல்லை.

வருசம் முழுக்க நிண்டதாலை பிள்ளைகள் நாள் எண்ணுறதை விட்டிட்டினம். தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, பெற்றோர் கூட்டம் எல்லாத்துக்கும் நான் நிண்டன். முதல் தவணையில நான் பிழையாப் படிப்பிச்சது மூன்றாம் தவணையில எப்பிடி வந்து நிக்குது எண்டதை என்ர கண்ணாலை கண்டன். 16 கிழமையில அது தெரிய வராது.

ஆனா குறை இல்லாமல் இல்லை. என்னை விட்ட பாடசாலையில கணித ரீச்சர் ஒருத்தரும் இல்லை, அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் என்னை விட்டவை. ஆக, எனக்கும் பின்வாங்கில இருந்து பாக்க ஆள் இல்லை. ஒரு விஞ்ஞான ரீச்சர் மட்டும் கிழமைக்கு ஒருக்கா வந்து இருப்பா. கணிதம் பற்றி ஒண்டும் சொல்லமாட்டா. "அந்த மூலையில இருக்கிற பிள்ளை இண்டைக்கு வாயே திறக்கேல்லை, பாத்தனீங்களோ?" எண்டு மட்டும் கேப்பா. எனக்கு அது போதுமாக இருந்தது.

---

மணல்தடுக்கு
வியாழன், காலை 10.30

கொஞ்சம் தலைப்பை விட்டுப் போகிறேன், ஆனால் தொடர்பு உண்டு.

ஆளில்லாத இடத்தில் கற்றுக்குட்டியைப் போட்டு வகுப்பை ஓட்டுவது சென்னை உலகத்துக்குக் கொடுத்த வித்தை. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ல் சென்னையில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். ஆசிரியர் போதாததால் பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான். ஊருக்குத் திரும்பி 1797ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. முக்கியக் காரணம், செலவு குறைவு.

முறையான ஆசிரியர் பயிற்சி இங்கே வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் 1856ல் வேப்பேரியில் வைத்த நார்மல் பள்ளி, அதாவது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 16 வாரம் ஆளில்லா வகுப்பில் நிற்கிற பி.எட். மாணவியைப் பார்த்தால் எனக்குச் சட்டாம்பிள்ளை ஞாபகம்தான் வருகிறது. ஒரே வித்தியாசம், அவன் கட்டணம் கட்டவில்லை.

---

தேர்வர்2012
வியாழன், காலை 10.41

கடைசி வரிக்குக் கைதட்டல்.

---

புதுச்சாக்பீஸ்
வியாழன், இரவு 9.20

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஓய்வுக்கணக்கு ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். மதிப்பெண் பட்டியல் விஷயத்தில் கொஞ்ச நேரம் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

வழிகாட்டி அக்கா, நீங்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. எங்கள் பள்ளி மேடமும் அப்படி நினைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. மேடமுக்கு நேரமில்லை, சாருக்குப் பேருந்து இல்லை. நான் என்ன செய்வது?

---

ஓய்வுக்கணக்கு
வெள்ளி, காலை 5.30

உங்களோடு அதே பள்ளியில் எத்தனை பேர் பயிற்சியில் இருக்கிறீர்கள்? ஒருவராவது இருப்பார். எந்தப் பாடமானாலும் பரவாயில்லை. நல்லூரான் சொன்ன விஞ்ஞான ரீச்சரைப் போல. அவருக்கு வகுப்பில்லாத ஒரு பீரியட் உங்கள் வகுப்பில் உட்காரட்டும், பதிலுக்கு நீங்கள் அவர் வகுப்பில்.

"எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்றுதான் வரும். முன்கூட்டியே ஒரே ஒரு வேலை கொடுங்கள். நான் யாரிடம் கேள்வி கேட்டேன் என்று பெஞ்ச் வரிசை படம் போட்டுப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுத்தேன் என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டாவதை அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்ற அம்மையார் 1970களில் ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை. மூன்று வினாடி பொறுத்தாலே பதில் நீளமாக வருகிறது, வாய் திறக்காத பிள்ளை வாய் திறக்கிறது. நன்னூல்காரர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்: விரையான், வெகுளான்.

அதே நன்னூலில் ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு உவமையாகப் பருத்திக் குண்டிகை வரும். குறுகிய வாய்க் குடத்தில் பஞ்சை அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. பி.எட். பாடக்குறிப்பேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வரும். அதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதுங்கள், மதிப்பெண் வேண்டுமே. ஆனால் இன்னொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அன்றன்று ஒரு பிள்ளை சொன்ன ஒரு தப்புப் பதிலை மட்டும் அதில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

---

பேருந்துப்பேராசிரியர்
வெள்ளி, மாலை 6.00

ஐயா சொன்னதோடு ஒன்று. ஜப்பானில் ஆசிரியர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது, எதை எழுதி அழித்தது என்று குறித்துக்கொண்டு பிறகு பேசுவார்கள். நடத்தியவர் மேல் பழி விழாது, ஏனென்றால் பாடம் எல்லோருடையதும்.

நமக்கு அங்கேதான் இடிக்கிறது. ஒருவர் பின்னால் உட்கார்ந்தாலே ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைப்பு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில்கூடக் கருத்தாளர் பேசுவார், நாம் கேட்போம், டீ குடிப்போம், கையெழுத்துப் போடுவோம். ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துப் பேசிய கூட்டத்துக்கு நான் இதுவரை போனதில்லை.

---

வழிகாட்டி_7ஆ
வெள்ளி, இரவு 9.45

"ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை." இதை யாராவது எனக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா. என் வகுப்புப் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களைப் பார்த்துச் சொல் என்றால் ஒரு மணி நேரம் சொல்வேன். பயிற்சி மாணவியை எடைபோடு என்றால்தான் எனக்கு நாக்கு எழாது.

---

புதுச்சாக்பீஸ்
ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4.15

சொல்ல நிறைய இருக்கிறது.

என்னோடு அதே பள்ளியில் தமிழ் எடுக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளை உட்கார வைத்தேன். புள்ளி வைக்கச் சொன்னேன். ஒரு பீரியடில் 34 கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் 26 முன் இரண்டு பெஞ்சுக்கு. "புரிஞ்சுதா?" என்று மட்டும் 11 தடவை. சன்னல் ஓரக் கடைசி பெஞ்ச் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் "அழாதே, அடுத்த பீரியட் என் வகுப்புக்கு வா, நீயும் எண்ணு" என்றாள். அவளுக்கு 41 கேள்வி. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு பால் கடைப் பாடம். அரையும் காலும் முக்கால் என்று எல்லோரும் கத்தினார்கள். 2/6 எழுதிவிட்டு ஐயா சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் மூன்று எண்ணுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! ஏழு வரை எண்ணிவிட்டேன். அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம்: "கொறஞ்சிருச்சு மிஸ்." அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கு ஒரு பட்டை கொடுத்திருந்தேன். ஆறாக மடித்தார்கள். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம், மொத்தம் ஐந்து கட்டம். எல்.சி.எம். என்ற வார்த்தையையே சொல்லவில்லை. நம் மேட்ச் பையன் கடைசி வரை பேசாமல் பட்டையைப் புரட்டிக்கொண்டே இருந்தான். "மிஸ், என் கணக்குல பட்டை ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டையா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப நடுவுல பிளஸ் போடக் கூடாது" என்று அவனே சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை.

அப்போது ஒரு பெண் கேட்டாள், "அரை தோசைன்னா எந்தத் தோசை மிஸ்? எங்க வீட்டுத் தோசையா, கடைத் தோசையா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

பாடம் முடிந்து வெளியே வந்தால் சன்னலுக்குப் பக்கத்தில் மேடம் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையில் போன், பாதியில் நிற்கிற வருகைப் பதிவு. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு எந்தத் தோசைன்னு கேட்டாளே, அத ஏன் போர்டுல எழுதல? அதுதானே பாடம்?" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி அது. நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

---

ஓய்வுக்கணக்கு
ஞாயிறு, மாலை 5.02

அந்த மேடமுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தோசைப் பெண்ணுக்கும்.

---

தேர்வர்2012
ஞாயிறு, மாலை 6.30

சரி, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு நானும் எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் தனியார் பள்ளியில் யாரையாவது பின்னால் உட்காரச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் போனில் குரலைப் பதிவு செய்யப் போகிறேன். "புரிஞ்சுதா" 11 தடவையா? நான் தாண்டிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

---

புதுச்சாக்பீஸ்
ஞாயிறு, இரவு 8.10

நாளைக்குத் தசமம். 0.5, 0.25 இரண்டில் எது பெரிது என்று கேட்டுத் தொடங்கப் போகிறேன். "25 இருக்குல்ல, அதான் பெருசுன்னு பாதிப் பேர் சொல்வாங்க, சொல்லட்டும், உடனே திருத்தாதே" என்று மேடம் போனில் சொன்னார். அவரே கூப்பிட்டார்! இந்த முறை உள்ளே வந்து உட்காருவாராம். எமிஸ் சர்வர் படுத்துக்கொண்டால்.